சோப்ராஜைத் துரத்தியவர்கள் யார்? – விவாத இழை

1. பொருநை எழுதியது:

தொடர் கொலைகாரன் சார்லஸ் சோப்ராஜைப் பற்றித் தமிழில் எங்கே தேடினாலும் ஒரே பாட்டுத்தான் கேட்கிறது. மயக்கும் பேச்சு, பல மொழி, பல பெயர், எந்தச் சிறையிலிருந்தும் தப்பிக்கும் மூளை. 2022 டிசம்பர் 23 அன்று நேபாளச் சிறையிலிருந்து வெளியே வந்து பிரான்சுக்கு விமானம் ஏறியபோதும் அதே பாட்டைத்தான் மறுபடி பாடினார்கள். 78 வயதில் தொப்பியோடு நடந்து வரும் அவனுடைய படம் எல்லா நாளிதழ்களிலும் வந்தது. அவனால் இறந்தவர்களின் படம் எத்தனை இதழ்களில் வந்தது?

ஆகவே இந்த இழையில் வேறு ஒரு கேள்வியைப் பேசலாம் என்று நினைக்கிறேன். 1975-76-ல் தாய்லாந்து, நேபாளம், இந்தியா என்று மூன்று நாடுகளில் பிணங்கள் கிடந்தன. அந்த மூன்று நாட்டுக் காவல்துறையும் அவனைத் தேடிப் போகவில்லை. தேடிப் போனது ஒரு தூதரகத்தின் இளநிலை அதிகாரி. அவருக்கு உதவியது பக்கத்து வீட்டுப் பெண் ஒருத்தி. கையும் களவுமாகப் பிடித்தது கல்லூரி மாணவர்கள். 2003-ல் மறுபடி கண்டுபிடித்தது ஒரு பத்திரிகையாளர். இவர்களில் யாருக்கும் அவனைப் பிடிப்பது வேலையாக இருக்கவில்லை. சம்பளம் வாங்கிக்கொண்டு அந்த வேலையை நேர்மையாகச் செய்தவர் என்று மும்பை இன்ஸ்பெக்டர் மதுக்கர் ஜெண்டேயைத்தான் சொல்ல முடிகிறது.

தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக: 1944 ஏப்ரல் 6 அன்று சைகோனில் பிறந்தவன். தந்தை இந்தியர், சிந்தி, தாய் வியட்நாமியர். தாய் பிறகு ஒரு பிரெஞ்சு இராணுவ அதிகாரியை மணந்துகொண்டதால் பிரான்சுக்கும் ஆசியாவுக்கும் நடுவே வளர்ந்தான். 1963-லேயே திருட்டு வழக்கில் பிரான்சில் சிறை. 1970-ல் ஆசியாவுக்கு வந்தான். ஐரோப்பாவிலிருந்து காபூல், டெல்லி, காட்மாண்டு, பாங்காக் என்று குறைந்த செலவில் சுற்றிவந்த இளைஞர்கள்தான் அவனுடைய இரை. குறைந்தது ஒரு டஜன் கொலைகள் அவன் பெயரோடு சேர்த்துப் பேசப்படுகின்றன. நீதிமன்றத்தில் நிரூபிக்கப்பட்டவை மிகச் சில.

தெரிந்தவர்கள் எழுதுங்கள். அவனுடைய 'கவர்ச்சி'யைப் பற்றி எழுத வேண்டாம் என்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன்.

2. கீழவாசல் எழுதியது:

பொருநை அம்மா, உங்கள் கோபம் நியாயமானது. ஆனால் அவனுடைய திறமையை மறைத்துவிட்டால் துரத்தியவர்களின் அருமையும் தெரியாமல் போய்விடும். 1971-ல் டெல்லி அசோகா ஓட்டலில் நகைக்கடைக் கொள்ளை. பிடிபட்ட பிறகு குடல்வால் வலி என்று நடித்து மருத்துவமனைக்குப் போய் அங்கிருந்து தப்பினான். காபூலில் சிறை, அங்கும் நோய் என்று சொல்லி மருத்துவமனை, காவலருக்கு மயக்க மருந்து, தப்பினான். கிரீஸில் ஏஜினா தீவுச் சிறை; அங்கிருந்தும் 1975-ல் தப்பினான். 1986-ல் திகார். நான்கு நாடுகளில் நான்கு சிறைகள் என்று வைத்துக்கொண்டாலும், இது சாதாரண ஆள் செய்கிற காரியமா? எதிரியைக் குறைத்து மதிப்பிட்டு எழுதினால் வரலாறு பிழையாகிவிடும் என்பதுதான் என் கவலை.

3. பொருநை எழுதியது:

கீழவாசல், நான்கு நாடுகள் அல்ல, மூன்று. டெல்லி மருத்துவமனையும் திகாரும் ஒரே ஊர்தான். ஆனால் நீங்கள் சொன்ன பட்டியலையே இன்னொரு முறை படித்துப் பாருங்கள். நோய் நடிப்பு, மயக்க மருந்து, மறுபடி நோய் நடிப்பு, மறுபடி மயக்க மருந்து. இருபது ஆண்டுகளில் அவன் கற்றுக்கொண்டது இந்த இரண்டு வித்தைகளைத்தான். அவை ஒவ்வொரு முறையும் பலித்ததற்குக் காரணம், முந்தைய ஊரில் நடந்தது அடுத்த ஊருக்குத் தெரியாமல் இருந்ததுதான்.

கிரீஸில் நடந்ததை முழுதாகச் சொல்லுங்கள். ஏதென்ஸில் அவனும் அவனுடைய தம்பி ஆந்த்ரேயும் சேர்ந்து பிடிபட்டார்கள். அவன் தப்பினான், தம்பி துருக்கி காவல்துறையிடம் ஒப்படைக்கப்பட்டு அங்கே 18 ஆண்டுத் தண்டனை பெற்றான். தன்னை நம்பி வந்த உடன்பிறந்தவனைச் சிறையில் விட்டுவிட்டு ஓடியதைத் திறமைக் கணக்கில் சேர்க்க எனக்கு மனம் வரவில்லை. 1971 கொள்ளைக்குப் பிறகு மும்பையில் அவனைப் பிடித்தவர் ஜெண்டே. அந்த முகத்தை மறக்காமல் வைத்திருந்தவரும் அவர்தான். அதைப் பற்றி நீங்களே எழுதினால் நன்றாக இருக்கும். மும்பை விவகாரம் உங்களுக்குத்தான் நன்றாகத் தெரியும்.

4. சீலோம் சிவா எழுதியது:

நான் பாங்காக்கில் வேலை செய்கிறேன். சீலோம் மாரியம்மன் கோயிலை நம்மில் பலருக்குத் தெரியும். அங்கிருந்து அதே சாலையில் நடந்தால் சாலாடெங் வரும். அந்தச் சாலையில் கனித் ஹவுஸ் என்ற அடுக்குமாடிக் குடியிருப்பில் 1975-ல் 'ஆலன் கோத்தியே' என்ற பெயரில் இரத்தினக்கல் வியாபாரியாக அவன் குடியிருந்தான். கூடவே கனடாவின் கியூபெக்கைச் சேர்ந்த மரி-ஆந்த்ரே லெக்லெர், ஊர்க்காரர்களுக்கு 'மோனிக்'. கையாள் அஜய் சவுத்ரி என்ற இந்திய இளைஞன். வீட்டுக்கு எப்போதும் விருந்தாளிகள். வந்தவர்களில் சிலருக்கு வயிற்றுப்போக்கு, வாந்தி. மருந்து கொடுப்பவன் அவனே. மருந்து சாப்பிடச் சாப்பிட நோய் கூடும்.

1975 அக்டோபரில் சியாட்டிலைச் சேர்ந்த தெரசா நோல்டன் பட்டாயா கடற்கரையில் பிணமாகக் கிடந்தார். நீரில் மூழ்கி இறந்தார் என்று முடித்துவிட்டார்கள். அடுத்து துருக்கியைச் சேர்ந்த விட்டாலி ஹக்கீம், எரிக்கப்பட்ட நிலையில் பட்டாயா போகும் சாலையோரத்தில். அவரைத் தேடிக்கொண்டு வந்த காதலி ஷர்மேன் கரூவும் கொல்லப்பட்டார். டிசம்பரில் நெதர்லாந்தைச் சேர்ந்த ஹெங்க் பின்தான்யா, கொர்னேலியா ஹெம்கர். ஹாங்காங்கில் பழக்கமாகி, பாங்காக்குக்கு வாருங்கள் என்று அவன் அழைத்ததை நம்பி வந்தவர்கள். டிசம்பர் 16 அன்று சாலையோரத்தில் கருகிக் கிடந்தார்கள். காணாமல் போன ஆஸ்திரேலிய ஜோடி என்று முதலில் நினைத்தார்கள். அந்த ஆஸ்திரேலியர்கள் உயிரோடு வந்து நின்ற பிறகும், அப்படியானால் கருகிக் கிடப்பவர்கள் யார் என்று யாரும் கேட்கவில்லை.

கேட்டவர் ஹெர்மன் க்னிப்பன்பெர்க். நெதர்லாந்து தூதரகத்தில் மூன்றாம் செயலர்; 31 வயது. 1976 பிப்ரவரி 6 அன்று அவர் மேசைக்கு ஒரு கடிதம் வந்தது. ஹெங்கும் கொர்னேலியாவும் எங்கே போனாலும் வாரந்தோறும் தவறாமல் வீட்டுக்கு எழுதுகிறவர்கள். பல வாரமாகக் கடிதமே இல்லை என்று உறவினர் எழுதியிருந்தார். தூதரகங்களுக்கு இப்படிப்பட்ட கடிதங்கள் எவ்வளவோ வரும். 'விசாரித்துச் சொல்கிறோம்' என்று ஒரு வரி எழுதிக் கோப்பில் போட்டுவிட்டு உட்கார்ந்திருக்கலாம். ஒழுங்காக எழுதுகிறவர்கள் திடீரென்று நிறுத்தினால் அதற்குக் காரணம் இருக்க வேண்டும் என்று அவர் நினைத்தார். கருகிய இரண்டு உடல்களைப் பற்றிய செய்தி நினைவுக்கு வந்தது. ஆடையில் 'ஹாலந்தில் தயாரிக்கப்பட்டது' என்ற சீட்டு இருந்தது தெரியவந்தது. பல் மருத்துவப் பதிவுகளை ஊரிலிருந்து வரவழைத்து, பாங்காக்கில் இருந்த ஒரு பல் மருத்துவரைப் பிணவறைக்கு அழைத்துக்கொண்டு போய் ஒப்பிட வைத்தார். பொருந்தியது. எரிக்கப்பட்டபோது இருவருக்கும் உயிர் இருந்தது என்பதும் பிரேதப் பரிசோதனையில் தெரிந்தது.

அதன் பிறகு அவரால் அந்தக் கோப்பை மூட முடியவில்லை. என்னாலும் அந்தச் சாலை வழியாகப் போகும்போது அதை நினைக்காமல் இருக்க முடிவதில்லை.

5. மஞ்சணத்தி எழுதியது:

சிவா அண்ணா, ஒரு சந்தேகம். இறந்தவர்களுடைய பாஸ்போர்ட்டில் அவன் ஊர் ஊராகப் போனான் என்று படித்தேன். குடியேற்ற அதிகாரிகள் எப்படி விட்டார்கள்? முகத்தைக் கூடவா பார்க்கவில்லை? நான் பிறந்தது 1998. இப்போது ஒரு விசா வாங்கவே கைரேகை, கண் படம் என்று எடுக்கிறார்கள்.

6. காகிதப்பூ எழுதியது:

மஞ்சணத்தி, நான் பயண முகவர் தொழிலில் இருந்து ஓய்வு பெற்றவன். அந்தக் காலத்துப் பாஸ்போர்ட் வெறும் அட்டையும் பசையும்தான். படத்தைத் தனியாக ஒட்டி, ஓரத்தில் ஒரு முத்திரை அழுத்தியிருப்பார்கள். பல நாட்டுப் பாஸ்போர்ட்டுகளில் விவரங்கள் கையால் எழுதப்பட்டிருக்கும். இந்தப் பாஸ்போர்ட் தொலைந்ததா, உரியவர் உயிரோடு இருக்கிறாரா என்று விமான நிலையத்தில் நிற்கும் அதிகாரி பார்க்க அவரிடம் கணினி கிடையாது. வருகை அட்டையை வாங்கி ஒரு பெட்டியில் போடுவார், அவ்வளவுதான்.

அதைவிட முக்கியமானது, அந்தப் பாதையில் வந்த பிள்ளைகளைப் பற்றி ஊரார் வைத்திருந்த எண்ணம். நீள முடி, தோள்பை, கஞ்சா. காணாமல் போனால் ஏதாவது ஆசிரமத்தில் இருப்பார்கள், பணம் தீர்ந்தால் வீட்டுக்குத் தந்தி அடிப்பார்கள் என்று பெற்றோரையே சமாதானப்படுத்துவார்கள். கடிதம் நின்றுபோவதைக் கவனிக்க வீட்டில் ஒருவர் இருந்தால் உண்டு. பயணக் காசோலையும் அப்படித்தான். பாஸ்போர்ட்டும் கையெழுத்தும் ஒத்துப்போனால் வங்கியில் பணம் கொடுத்துவிடுவார்கள். அவன் பெரும்பாலும் இந்த இரண்டுக்காகவே கொன்றான் என்பதுதான் என்னை உலுக்குகிறது. ஒரு மனித உயிரின் விலை, ஒரு பாஸ்போர்ட்டும் சில நூறு டாலர் காசோலையும்.

நேபாளத்துக் கதையை எடுத்துக்கொள்ளுங்கள். டச்சு ஜோடியைக் கொன்ற கையோடு அவர்களுடைய பாஸ்போர்ட்டிலேயே லெக்லெரோடு காட்மாண்டு போனான். அங்கே டிசம்பர் 21, 22 தேதிகளையொட்டி அமெரிக்கரான கான்னி ஜோ பிரான்சிச், கனடாக்காரரான லோரான் கரியேர் இருவரும் கொல்லப்பட்டு, எரிக்கப்பட்டுக் கிடந்தார்கள். பிணங்கள் இன்னார் என்று அடையாளம் காணப்படுமுன் இவன் அவர்களுடைய பாஸ்போர்ட்டில் பாங்காக் திரும்பிவிட்டான். எல்லையில் உள்ள பதிவேட்டின்படி, இறந்தவர்கள் நாட்டை விட்டுப் போய்விட்டார்கள்! பதிவேட்டை நம்பி வேலை செய்யும் எந்தக் காவலரும் இதில் தடுமாறித்தான் போவார்.

7. சீலோம் சிவா எழுதியது:

காகிதப்பூ ஐயா சொன்ன அதே காட்மாண்டுப் பயணத்தின்போதுதான் இங்கே முதல் முடிச்சு அவிழ்ந்தது. கனித் ஹவுஸில் அப்போது மூன்று பிரெஞ்சுக்காரர்கள் தங்கியிருந்தார்கள். ஒருவர் மாதக்கணக்கில் 'நோயாளி'. மற்ற இருவர் முன்னாள் போலீஸ்காரர்கள். பாஸ்போர்ட் காணாமல் போய்விட்டதால் எங்கும் போக வழியில்லாமல் அவன் வீட்டிலேயே இருந்தவர்கள். அவன் ஊரில் இல்லாத நேரத்தில் பெட்டகத்தைத் திறந்து பார்த்தால் அத்தனையும் அடுத்தவர்களுடைய ஆவணங்கள். மூவரும் பாரிசுக்குத் தப்பிவிட்டார்கள்.

அவர்களுக்கு உதவியவர் அதே கட்டடத்தில் குடியிருந்த நதீன் ஜீர் என்ற பிரெஞ்சுப் பெண். அவர் செய்ததை நினைத்தால் எனக்கு உடம்பு நடுங்குகிறது. அவன் கொலைகாரன் என்று தெரிந்த பிறகும் அதே மாடிப்படியில் அவனைப் பார்த்துச் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார். முகத்தில் ஒரு மாற்றம் தெரிந்திருந்தால் அவரும் சாலையோரத்தில் கிடந்திருப்பார். பின்னால் க்னிப்பன்பெர்க்குக்கு டச்சு ஜோடியை அந்த வீட்டில் பார்த்ததாகச் சாட்சி சொன்னவரும் அவர்தான்.

1976 மார்ச்சில் தாய்லாந்து போலீசார் அந்த வீட்டைச் சோதனையிட்டார்கள். ஓர் அமெரிக்கருடைய பாஸ்போர்ட்டைக் காட்டி, நான் அமெரிக்கன் என்றான். விட்டுவிட்டார்கள்! அவனும் லெக்லெரும் நாட்டை விட்டுப் போனார்கள். சுற்றுலாவுக்குக் கெட்ட பெயர் வந்துவிடும் என்ற அச்சம் என்று சிலர் சொல்கிறார்கள்; பணம் கைமாறியது என்று சிலர் சொல்கிறார்கள். எதுவானாலும் கையில் இருந்தவனை விட்டது விட்டதுதான்.

போலீசார் விட்டுவிட்டுப் போன அந்த வீட்டுக்குள் பிறகு க்னிப்பன்பெர்க் போனார். கிலோக் கணக்கில் மருந்துகள், கொர்னேலியாவின் பொருள்கள். ஒவ்வொன்றையும் எடுத்துப் பட்டியல் போட்டார். மேலிடத்துக்கு இது பிடிக்கவில்லை. தூதரக அதிகாரிக்குத் துப்பறியும் வேலை எதற்கு என்பது அவர்கள் கேள்வி. 1976 மே மாதம் பாங்காக் போஸ்ட் நாளிதழில் விஷயம் வெளியான பிறகுதான் இன்டர்போல் வழியாகத் தேடுதல் அறிவிப்பு போனது.

8. அகல் எழுதியது:

நான் மருந்தாளுநர். மருந்து என்ற பகுதியைப் பற்றி மட்டும் சொல்கிறேன். வெளியூரில் வயிற்றுப்போக்கு வந்த ஒருவர் மருந்து கொடுப்பவரை எவ்வளவு நம்புவார் என்பது எனக்குத் தினமும் தெரியும். உடம்பில் நீர் குறைந்து, எழுந்து நிற்கத் தெம்பில்லாமல் இருப்பவர், எந்த மாத்திரை என்று பெயர் கேட்க மாட்டார். ஆறுதலாக இரண்டு வார்த்தை பேசி ஒரு டம்ளர் தண்ணீரோடு நீட்டினால் வாங்கி விழுங்கிவிடுவார். அவனுடைய வழி பெரும்பாலும் இதுதான். நோயாளியாக்கி, பணிவிடை செய்து, பாஸ்போர்ட்டைப் 'பத்திரமாக' வாங்கி வைத்துக்கொள்வான். அந்தப் பிரெஞ்சு இளைஞர் மாதக்கணக்கில் அவனைத் தன்னைக் காப்பாற்றியவன் என்றே நம்பியிருக்கிறார். நோயாளியின் நம்பிக்கையைக் கொலைக்கருவி ஆக்கியவனுக்கு நான் எந்தத் திறமைப் பட்டமும் கொடுக்கத் தயாராக இல்லை, கீழவாசல்.

1976 ஜூலையில் டெல்லியில் பிடிபட்டதும் இந்த மாத்திரையால்தான். அதைப் பொருநை அக்கா சொன்னால் நன்றாக இருக்கும்.

9. பொருநை எழுதியது:

சொல்கிறேன் அகல். அதற்கு முன் இந்தியாவில் இறந்த இருவரையும் குறிப்பிட வேண்டும். வாரணாசியில் ஆலன் ஜேக்கப்ஸ் என்ற இஸ்ரேலியர். டெல்லியில் ஜான்-லூக் சாலமன் என்ற பிரெஞ்சுக்காரர். இருவருக்கும் மருந்துதான் எமன்.

டெல்லி விக்ரம் ஓட்டலில் பிரான்சிலிருந்து சுற்றுலா வந்த மாணவர் குழு ஒன்று தங்கியிருந்தது. அவர்களோடு ஒட்டிக்கொண்டு வழிகாட்டிபோல் பழகினான். இரவு உணவு நேரத்தில், இந்த ஊர்த் தண்ணீருக்கு வயிறு கெடும், முன்னெச்சரிக்கையாக இதைச் சாப்பிடுங்கள் என்று மாத்திரை விநியோகித்தான். அறைக்குப் போய்த் தூங்கிய பிறகு கொள்ளையடிப்பது திட்டம். மருந்து முந்திக்கொண்டது. சாப்பாட்டு இடத்திலேயே ஒருவர் பின் ஒருவராகச் சரிந்தார்கள். மாத்திரையை உடனே விழுங்காமல் வைத்திருந்த சில மாணவர்கள் நடப்பதைப் பார்த்ததும் புரிந்துகொண்டு அவன் மேல் பாய்ந்து மடக்கினார்கள். போலீசார் வந்து கூட்டிக்கொண்டு போனார்கள்.

அவர்கள் இருபது வயது சுமார் உள்ள பொறியியல் மாணவர்கள். நண்பர்கள் தரையில் கிடக்கிறார்கள், ஊர் புதிது, மொழி தெரியாது. அந்த நேரத்தில் ஓடிப்போகாமல் இவனைப் பிடித்து வைத்தார்கள். இன்டர்போல் தேடிய ஆளைப் பிடித்திருக்கிறோம் என்பது அவர்களுக்குத் தெரியாது. கூட்டாளிகளான இரண்டு மேல்நாட்டுப் பெண்கள் விசாரணையில் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார்கள். லெக்லெரும் கைதானாள். புற்றுநோய் முற்றிய பிறகு கனடா போக அனுமதி கிடைத்து 1984-ல் 38 வயதில் இறந்தாள். அவளும் பாதிக்கப்பட்டவள் என்று சிலர் எழுதுகிறார்கள். எனக்கு உடன்பாடில்லை. இரண்டு நாடுகளில் இறந்தவர்களின் பாஸ்போர்ட்டோடு பயணம் செய்தவள் அவள்.

10. கீழவாசல் எழுதியது:

ஜெண்டேயைப் பற்றி எழுதும்படி பொருநை அம்மா கேட்டிருந்தார்கள். அதற்கு முன் திகார்.

டெல்லி வழக்குகளில் மொத்தம் 12 ஆண்டு தண்டனை. சாலமன் வழக்கு கொலை ஆகாத மரணம் என்ற பிரிவில்தான் முடிந்தது. திகாரில் அவன் வாழ்ந்த வாழ்க்கையைப் பற்றி அப்போதே பத்திரிகைகள் எழுதின. தொலைக்காட்சி, தட்டச்சுப் பொறி, வெளியிலிருந்து வரும் சாப்பாடு, அதிகாரிகளோடு நெருக்கம். பேட்டி எடுக்க வருகிறவர்களிடம் கொலைகளை ஒப்புக்கொள்வான். வழக்கு என்று வந்தால் சொல்லவே இல்லை என்பான். 1986 மார்ச் 16 அன்று பிறந்தநாள் விருந்து என்று காவலர்களுக்கு இனிப்பு கொடுத்தான். இனிப்பில் தூக்க மருந்து. வாசல் வழியாகவே வெளியே நடந்தான்.

மும்பைக் காவல்துறை ஜெண்டேயை அழைத்தது. காரணம் ஒன்றே ஒன்று: 1971-ல் அவனைப் பிடித்தவர், முகம் தெரிந்தவர். ஜெண்டே ஒரு சின்னக் குழுவோடு கோவா போனார். தடயம் என்று பெரிதாக ஏதும் கிடையாது. மோட்டார் சைக்கிள் ஒன்றைப் பற்றிய துப்பு. வெளிநாட்டுக்கு டெலிபோன் பேசும் ஆள் எங்கே போவான் என்ற யோசனை. அந்தக் காலத்தில் கோவாவில் வெளிநாட்டுக்குப் பேச வசதியுள்ள இடங்கள் குறைவு. போர்வோரிமில் உள்ள ஓ கொக்கேரோ உணவகம் அவற்றில் ஒன்று. சாப்பிட வந்தவர்களைப்போல அங்கே உட்கார்ந்து காத்திருந்தார்கள்.

1986 ஏப்ரல் 6 இரவு அவன் வந்தான். அன்று உண்மையிலேயே அவனுடைய பிறந்தநாள். ஜெண்டே அருகில் போய் 'சார்லஸ்' என்று பெயர் சொல்லிக் கூப்பிட்டபடியே பிடித்தார். பதினைந்து ஆண்டுகளுக்குப் பிறகும் அடையாளம் தவறவில்லை. சாலை வழியாகவே மும்பைக்குக் கொண்டுபோனார்கள்.

பொருநை அம்மா, மற்றவர்களுக்கு இது கடமை அல்ல என்று சொன்னீர்கள். இந்த மனிதருக்குக் கடமை. அதை இரண்டு முறை செய்தார். இருந்தாலும் ஒரு கேள்வி என்னை விடவில்லை. தப்பிய ஆள் இருபத்தொரு நாளில், எல்லோரும் வந்து போகும் இடத்தில், பெரிய மாறுவேடம் ஏதும் இல்லாமல் ஏன் உட்கார்ந்திருந்தான்? பிடிபடத்தான் தப்பினான் என்ற வாதம் இருக்கிறது. வழக்குரை ஐயா விளக்க வேண்டும்.

11. வழக்குரை எழுதியது:

அந்த வாதத்தில் பலம் இருக்கிறது. தாய்லாந்தில் அவன் மேல் கொலை வழக்குக்கான பிடியாணை இருந்தது. அங்கே தண்டனை மரணமாக இருக்கலாம். ஆனால் அந்த நாட்டுச் சட்டப்படி 20 ஆண்டு கடந்தால் வழக்குத் தொடர முடியாது. கொலைகள் நடந்தது 1975-ல். இந்தியத் தண்டனை எண்பதுகளின் பிற்பகுதியில் முடிந்திருந்தால் அவனைப் பாங்காக்குக்கு அனுப்பியிருப்பார்கள். தப்பித்துப் பிடிபட்டதால் கூடுதலாகப் பத்தாண்டு. 1997 பிப்ரவரி 17 அன்று வெளியே வந்தபோது தாய்லாந்துப் பிடியாணை காலாவதி. பிரான்சுக்கு அனுப்பினார்கள். பாரிசில் பணம் வாங்கிக்கொண்டு பேட்டி கொடுத்து வாழ்ந்தான்.

கால வரம்புச் சட்டம் தேவை என்பதை நான் மறுக்கவில்லை. சாட்சி இறந்துவிடுவார், நினைவு மங்கும், குற்றம் சாட்டப்பட்டவர் தன்னைக் காத்துக்கொள்ள முடியாது. ஆனால் குற்றவாளி வேறொரு நாட்டுச் சிறையில் இருக்கும் காலத்தையும் கணக்கில் ஓட விடுவது அநியாயம். தெரசா நோல்டன், ஹக்கீம், கரூ, பின்தான்யா, ஹெம்கர், இந்த ஐந்து பேருக்காக எந்த நீதிமன்றமும் கூடவில்லை. இனிக் கூடப்போவதும் இல்லை.

நேபாளத்தில் அப்படி நடக்கவில்லை. 2003 செப்டம்பரில் காட்மாண்டுத் தெருவில் அவனை தி ஹிமாலயன் டைம்ஸ் செய்தியாளர் ஒருவர் அடையாளம் கண்டு, பின்தொடர்ந்து, படத்தோடு செய்தி வெளியிட்டார். யாக் அண்டு யெட்டி ஓட்டல் சூதாட்ட விடுதியில் கைது. 2004-ல் பிரான்சிச் கொலைக்காக ஆயுள் தண்டனை. 2010 ஜூலையில் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. 2014-ல் பக்தபூர் நீதிமன்றம் கரியேர் கொலையிலும் குற்றவாளி என்றது.

அவனுடைய வாதம், 1975-ல் நான் நேபாளத்துக்கு வரவே இல்லை என்பதுதான். இந்த இடத்தில்தான் க்னிப்பன்பெர்க் வைத்திருந்த காகிதங்கள் வேலை செய்தன. பணி ஓய்வுக்குப் பின் நியூசிலாந்தில் குடியேறிய அவர் 27 ஆண்டுக்கு முந்தைய கோப்புகளை எறியாமல் வைத்திருந்தார். பின்தான்யா பெயரில் ஒருவன் வந்தான், தங்கினான் என்பதற்கான அட்டைகளில் இருந்த கையெழுத்து இவனுடையது என்று முடிவாயிற்று.

ஆனால் வழக்கறிஞன் என்ற முறையில் ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியாது. அந்த விசாரணை குறைகள் இல்லாதது அல்ல. மொழிபெயர்ப்பு, வழக்கறிஞரோடு பேசும் வசதி, நிரூபிக்கும் சுமை யார் மேல் என்பது போன்றவற்றில் நேபாளம் நியாயமான விசாரணைக்கான அவனுடைய உரிமையை மீறியது என்று ஐ.நா. மனித உரிமைக் குழு 2010-ல் கருத்துத் தெரிவித்தது. அவன் கொன்றான் என்றே நானும் நம்புகிறேன். இருந்தாலும் கொலைகாரனுக்கும் சட்டம் முழுதாகச் செயல்பட வேண்டும். இல்லாவிட்டால் தன்னை அப்பாவி என்று சொல்லிக்கொள்ள நாமே அவனுக்கு இடம் கொடுக்கிறோம். அதைத்தான் அவன் கடைசிவரை செய்துகொண்டிருக்கிறான்.

12. மஞ்சணத்தி எழுதியது:

வழக்குரை ஐயா, நீங்கள் சொல்வது சட்டப்படி சரியாக இருக்கலாம். என்னால் ஏற்க முடியவில்லை. ஹெங்க், கொர்னேலியா குடும்பங்களுக்கு எந்தக் குழு கருத்துத் தெரிவித்தது? அவர்களுக்கு ஒரு தீர்ப்பின் நகல்கூடக் கிடையாது. இவனுக்கோ வயது முதிர்ந்துவிட்டது, இதயம் பலவீனம் என்று 2022-ல் முன்கூட்டியே விடுதலை. சிறையில் இருக்கும்போது இதய அறுவைச் சிகிச்சையும் செய்து காப்பாற்றினார்கள். காப்பாற்றியது தவறு என்று சொல்லவில்லை. நோயாளிக்குத் தரும் மருந்து எப்படி இருக்க வேண்டும் என்பதை அந்த மருத்துவர்களாவது அவனுக்குக் காட்டினார்கள். ஆனால் ஷர்மேன் கரூவுக்கு முதுமை என்ற ஒன்று வரவே இல்லையே, அதை எந்தக் கணக்கில் வைப்பது?

13. வழக்குரை எழுதியது:

மஞ்சணத்தி, உங்கள் கேள்விக்குச் சட்டத்தில் பதில் இல்லை. விடுதலை அவனுக்கென்று காட்டிய தனிச் சலுகை அல்ல என்பதை மட்டும் சொல்லலாம். தண்டனையில் முக்கால் பங்கு கழித்த, வயது முதிர்ந்த கைதிகளை நன்னடத்தையின் பேரில் விடுவிக்க அந்த நாட்டுச் சட்டத்தில் இடம் உண்டு. அவன் 19 ஆண்டு இருந்தான். அதே சட்டத்தில் பெயர் தெரியாத ஏழைக் கைதிகளும் வெளியே வருகிறார்கள். இவன் ஒருவனுக்காக அந்தக் கதவை அடைக்கச் சொல்ல எனக்கு மனமில்லை.

14. பொருநை எழுதியது:

இருவரும் சொல்வதில் நியாயம் இருக்கிறது. நான் ஏன் இந்த இழையைத் தொடங்கினேன் என்பதை இப்போது சொல்லிவிடுகிறேன். கீழவாசல் குறிப்பிட்ட அந்தக் கோவா உணவகத்தில் சோப்ராஜுக்கு ஒரு சிலை வைத்திருக்கிறார்கள். மேசைக்கு முன் உட்கார்ந்திருப்பது போன்ற சிலை. போகிறவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து, தோளில் கை போட்டுப் படம் எடுத்துக்கொள்கிறார்கள். சென்ற மாதம் என் உறவுக்காரப் பையன் ஒருவனும் அப்படி ஒரு படத்தைக் குடும்பக் குழுவில் போட்டான். பெரியவர்கள் முதற்கொண்டு எல்லோரும் கைதட்டல் அனுப்பினார்கள். சிலையில் இருப்பவன் யார் என்று நான் எழுதினேன், தெரசாவில் தொடங்கிப் பெயர் பெயராக. குழு அமைதியாகிவிட்டது, பையன் படத்தை எடுத்துவிட்டான்.

அவனைக் கடிந்துகொள்ள நான் எழுதவில்லை. அவனுக்கு யாரும் சொல்லவில்லை. சுவாரசியம் என்று எழுதிக் குவித்த நம்முடைய வார இதழ்கள் சொல்லவில்லை. ஹெங்க், கொர்னேலியாவுக்கு வீட்டுக்குக் கடிதம் போடும் பழக்கம் இருந்தது என்பது அவனுடைய பத்துப் பொய்ப் பெயர்களைவிட எனக்கு முக்கியமான செய்தி. அந்தப் பழக்கம்தான் அவனைக் காட்டிக்கொடுத்தது. நதீன் அந்த மாடிப்படியில் எப்படி நடந்தார் என்பது அவனுடைய சிறைத் தப்பிப்புகளைவிட எனக்கு வியப்பான செய்தி. இவற்றைத் தமிழில் யாராவது முழுதாக எழுத வேண்டும். சிவா, நீங்கள் எழுதினால் தட்டச்சும் மெய்ப்பும் நான் பார்த்துத் தருகிறேன்.

15. அகல் எழுதியது:

எழுதுங்கள் சிவா அண்ணா. ஒன்று கேட்க விட்டுப்போனது. அந்தக் கையாள் அஜய் சவுத்ரி என்னவானான்? அவனும் டெல்லியில் பிடிபட்டானா?

16. சீலோம் சிவா எழுதியது:

இல்லை அகல். பாங்காக்கிலிருந்து தப்பிய பிறகு அவர்கள் மலேசியா போனார்கள். 1976-ல் அங்கே இரத்தினக்கற்கள் வாங்கி வர அவனைச் சோப்ராஜ் அனுப்பியதாகச் சொல்கிறார்கள். கற்களைக் கொண்டுவந்து கொடுத்ததுவரை தெரியும். அதற்குப் பிறகு அஜய் சவுத்ரியை யாரும் பார்க்கவில்லை. உடலும் கிடைக்கவில்லை. வேலை முடிந்ததும் இவனே கொன்றிருப்பான் என்று நினைப்பவர்கள் பலர். ஐரோப்பாவில் பார்த்ததாகவும் ஒரு பேச்சு பிறகு வந்தது, உறுதியாகவில்லை. பாங்காக் கொலைகள் பலவற்றில் கூட இருந்தவன் அவன். உயிரோடு இருந்தால் சாட்சி, இறந்திருந்தால் இன்னொரு கொலை. இரண்டில் எது என்று இன்றுவரை எந்த நாடும் விசாரித்து முடிக்கவில்லை.

பொருநை அக்கா, எழுதுகிறேன். பாங்காக் போஸ்டின் 1976 இதழ்களை இங்கே நூலகத்தில் பார்க்க முடியுமா என்று இந்த வாரம் விசாரிக்கிறேன். மலேசியாவில் இருக்கும் உறுப்பினர்கள் யாராவது அந்த ஆண்டுத் தமிழ் நாளிதழ்களில் இதைப் பற்றி ஏதும் வந்ததா என்று பார்த்துச் சொன்னால் உதவியாக இருக்கும்.